பணியிடக் கூட்டங்களின் ஒழுங்கு: அம்பத்தூர்த் தொழிற்கூடங்களை முன்வைத்து

1. கூட்டமும் ஒரு வேலை

ஒரு முடிவை எடுக்கவும், ஒரு சிக்கலின் காரணத்தைக் கண்டறியவும், பலர் கையில் இருக்கும் வேலைகளை ஒன்றோடொன்று பொருத்தவும் சிலர் ஒரே நேரத்தில் கூடிச் செய்யும் வேலையே பணியிடக் கூட்டம். மற்ற வேலைகளைப் போலவே இதற்கும் செலவு உண்டு, செய்முறை உண்டு, விளைவு உண்டு. லேத்துக்குள் கம்பி போய்ப் புஷ்ஷாக, அதாவது துளையிட்ட உருளைப் பாகமாக, வெளியே வருகிறது. கூட்டத்துக்குள் தகவல் போய் முடிவாக வெளியே வர வேண்டும். உள்ளே போன தகவல் தகவலாகவே திரும்பி வந்தால், எந்திரம் ஓடியிருக்கிறது, பண்டம் உருவாகவில்லை என்றே பொருள்.

செலவுக் கணக்கு எளிது. 12 பேர் வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் கூடினால் ஆண்டுக்கு 624 மனித மணி செலவாகிறது. 8 மணி நேர ஷிஃப்ட் கணக்கில் அது 78 ஷிஃப்ட். கூட்டம் ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் தாமதமாகத் தொடங்கினால், அந்தத் தாமதத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 104 மனித மணி, அதாவது 13 ஷிஃப்ட் பறிபோகிறது. ஒரு சி.என்.சி. எந்திரம் 13 ஷிஃப்ட் நின்றுபோனால் காரணம் கேட்டு விசாரணை நடக்கும். அதே நேரம் கூட்ட அறையில் வீணானால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அது எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை என்பதே காரணம்.

உற்பத்தியில் கடைப்பிடிக்கும் ஒழுங்கைக் கூட்டத்துக்கும் கொண்டுவந்தால் இந்த இழப்பைத் தடுக்கலாம். கூட்டத்தின் பயன் அறைக்குள் பேசப்படும் பேச்சைவிட, அதற்கு முன் செய்யும் ஆயத்தத்தையும் அதற்குப் பின் நடக்கும் சரிபார்ப்பையுமே பெரிதும் சார்ந்திருக்கிறது.

2. அம்பத்தூரும் பாடியும்

இந்த ஒழுங்கைப் படிக்க அம்பத்தூர் வட்டாரம் நல்ல களம். 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு, குறு தொழிற்கூடங்கள் ஏராளம்: உலோகத் தகடு அழுத்துவோர், கடைசல் வேலை செய்வோர், டை செய்வோர், முலாம் பூசுவோர், பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்போர். அருகிலேயே இருக்கும் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கப்பட்டு இங்கு வேரூன்றிய நிறுவனம். பக்கத்துப் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன் ஆகியவை 1960-களின் தொடக்கத்தில் எழுந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. பின்னர் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் தொழிற்பேட்டைக்குள் வந்தன. கிரீஸ் படிந்த தரையில் நின்றபடி நடக்கும் கூட்டமும், கணினித் திரையில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நடக்கும் கூட்டமும் ஒரே தெருவில் நடக்கும் ஊர் இது.

தர மேலாண்மையில் இந்த வட்டாரத்துக்கு உலக அளவில் பெயர் உண்டு. ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் ஒன்றியம் 1951-இல் நிறுவிய டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலாக, 1998-இல் பெற்றது பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு. அதே பிரிவு 2002-இல் ஜப்பான் தரப் பதக்கமும் பெற்றது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-இலும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆலை கொண்ட ராணே பிரேக் லைனிங்ஸ் 2003-இலும், லூகாஸ்-டி.வி.எஸ். 2004-இலும் டெமிங் பரிசு பெற்றன.

இப்பரிசுக்கு அடிப்படையான முழுமைத் தர மேலாண்மை, திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற நான்கு படிகளின் சுழற்சியில் இயங்குவது. ஒவ்வொரு படியிலும் மனிதர்கள் கூடிப் பேசியாக வேண்டும். திட்டத்தைத் துறைதோறும் பகிர்ந்தளிப்பதற்கும், அன்றன்றைய விலகலைக் கண்டறிவதற்கும், தொழிலாளர் குழுக்கள் சிக்கலை ஆராய்வதற்கும், மேலாண்மை ஆய்வுக்கும் கூட்டமே கருவி. கூட்டம் சீராக நடக்காத ஆலையில் இச்சுழற்சி முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும்: திட்டம் இருக்கும், செயல் இருக்கும், சரிபார்ப்பும் திருத்தமும் இருக்காது.

3. கூட்ட வகைகள்

எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே அளவு நேரம், ஒரே ஆட்கள், ஒரே நடைமுறை என்று வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். தொழிற்கூடத்தில் நடப்பவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அன்றாடக் கூட்டம். ‘மார்னிங் மீட்டிங்’ என்று எல்லோரும் சொல்வது இதையே. காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 10 மணி என ஷிஃப்ட் மாறும் ஆலைகளில் இது ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நடப்பது நல்லது. இடம் எந்திரங்களுக்கு அருகிலுள்ள பலகை, அளவு 10 நிமிடம், நின்றபடியே நடக்கும். பாதுகாப்பு, தரம், உற்பத்தி, டிஸ்பாட்ச், ஆள் வரவு என்ற வரிசையில் நேற்றைய விலகல்களும் இன்றைய தேவைகளும் மட்டும் பேசப்படும். நின்று கூடுவதால் நேரம் மிச்சமாகிறது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் ஆய்வாளர் புளூடோர்னும் அவருடைய இரு சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அமர்ந்து கூடிய குழுக்கள் நின்று கூடியவற்றைவிட 34 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டன. முடிவுகளின் தரத்தில் வேறுபாடு இல்லை.

இரண்டாவது, வார ஆய்வு. உற்பத்தி, தரம், ஸ்டோர்ஸ், கொள்முதல், பராமரிப்பு ஆகிய துறைகளின் பொறுப்பாளர்கள் வரும் வாரத்தின் திட்டத்தை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது இதன் வேலை. மூலப்பொருள் வராத நாளில் எந்திரத்தை ஒதுக்கி வைப்பதும், டை பழுதுபார்க்கப் போன வாரத்தில் ஆர்டரை ஒப்புக்கொள்வதும் இக்கூட்டம் சரியாக நடக்காததன் விளைவுகள்.

மூன்றாவது, தர வட்டம். ஒரே பகுதியில் வேலை செய்யும் சில தொழிலாளர்கள் தாமாக முன்வந்து வாரம் ஒரு மணி நேரம் அளவில் கூடி, தங்கள் வேலையிலுள்ள சிக்கலைத் தாங்களே ஆராய்ந்து தீர்க்கும் முறை இது. ஜப்பானில் 1962-இல் கவோரு இஷிகாவாவின் வழிகாட்டலில் தோன்றியது. இந்தியாவில் 1980-இல் பி.எச்.இ.எல். நிறுவனத்தின் ஐதராபாத் ஆலையில் தொடங்கியது. கருத்துச் சொல்வதோடு நில்லாமல், எண்களைத் திரட்டி, காரணங்களைக் கிளைகளாகக் காட்டும் மீன்முள் வரைபடம் வரைந்து, காரணத்தைச் சோதித்துப் பார்த்து, தீர்வை நிலைநிறுத்துவது வரை அதன் பணி நீள்கிறது.

நான்காவது, மேலாண்மை ஆய்வுக் கூட்டம். ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் இதை நடத்தியாக வேண்டும். வாகன உதிரிபாகம் செய்வோருக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலை ஆண்டுக்கு ஒரு முறையேனும் நடத்தச் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. பதிப்பு இக்கூட்டத்துக்குள் என்னென்ன வர வேண்டும் என்று பட்டியலிடுகிறது. அதில் முதலிடம் பெறுவது, முந்தைய ஆய்வில் எடுத்த நடவடிக்கைகளின் நிலை. வெளியே வர வேண்டியவற்றையும் அது வரையறுக்கிறது: மேம்பாட்டு வாய்ப்புகள், தர அமைப்பில் தேவையான மாற்றங்கள், வேண்டிய வளங்கள் ஆகியவை பற்றிய முடிவுகள். தணிக்கையாளருக்காகக் கையெழுத்து வாங்கி வைக்கும் சடங்காக இதை நடத்தும் நிறுவனங்கள், தங்கள் கையிலிருக்கும் மிகச் சிறந்த கூட்ட விதிமுறையைப் பயன்படுத்தாமல் விடுகின்றன.

ஐந்தாவது, சட்டம் கோரும் கூட்டங்கள். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்ட நிறுவனங்களில் இரு தரப்பும் அமரும் பணிக்குழு அமைக்க 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வழிசெய்தது. தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்பினரின் எண்ணிக்கைக்குக் குறையக்கூடாது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி இயக்குநர் குழு ஆண்டுக்கு நான்கு முறையேனும் கூட வேண்டும். இரு கூட்டங்களுக்கு இடையே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. சிறு நிறுவனம் என்ற வரையறைக்குள் வருவோருக்கு ஒவ்வோர் அரையாண்டிலும் ஒரு கூட்டம் போதும்; இரண்டுக்கும் இடையே 90 நாளேனும் இருக்க வேண்டும்.

4. கூட்டத்துக்கு முன்

ஆயத்தம் ஒரு கேள்வியில் தொடங்குகிறது: இக்கூட்டம் முடியும்போது எதை முடிவு செய்திருக்க வேண்டும்? இதற்கு விடை இல்லையென்றால் கூட்டம் வேண்டாம். தெரிவிக்க வேண்டிய செய்தி மட்டும் இருந்தால் பலகையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ எழுதிவிடலாம்.

நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பொருளும் கேள்வியாக இருப்பது நல்லது. ‘ரிஜெக்‌ஷன் பற்றி’ என்று எழுதினால் ஆளுக்கொரு திசையில் பேச்சுப் போகும். ‘உள்விட்டம் அதிகமாகும் புஷ்களைத் தடுக்க ஃபிக்ஸரை மாற்றுவதா, அளந்து பார்க்கும் இடைவெளியைக் குறைப்பதா?’ என்று எழுதினால், வருவோர் அதற்கு வேண்டிய எண்களோடு வருவார்கள். பொருளுக்கு எதிரே நிமிடக் கணக்கும், அதை எடுத்துவைப்பவர் யார் என்பதும் இருக்க வேண்டும்.

பொருள்களின் வரிசையும் முக்கியம். சி. நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் வெளியிட்ட நூலில் ஒரு குழுவைக் காட்டுகிறார். பெரும் பணம் கோரும் அணு உலைத் திட்டத்தை அக்குழு சில நிமிடங்களில் ஏற்றுக்கொண்டு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு நெடுநேரம் வாதாடுகிறது. அணு உலை சிலருக்கே புரியும். கொட்டகை எல்லோருக்கும் புரியும். தொழிற்கூடத்திலும் இதே நடக்கிறது: புது எந்திரம் வாங்கும் முடிவு விரைவாகக் கடந்துவிடும், கேன்டீன் டீயின் சுவை அரை மணி நேரம் எடுக்கும். செலவும் விளைவும் பெரிதான பொருளை முதலில் வைத்து அதற்கே அதிக நிமிடம் ஒதுக்குவது இதற்கான மருந்து.

யார் வர வேண்டும் என்பது அடுத்த தீர்மானம். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், உண்மை நிலை தெரிந்தவர், முடிவைச் செயல்படுத்தப் போகிறவர் ஆகிய மூவகையினர் போதும். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் 1913-இல் வெளியிட்ட ஆய்வில், கயிறு இழுக்கும் குழுவில் ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒருவருடைய பங்கு தனியாக இழுத்ததில் ஏறத்தாழப் பாதியாயிற்று. இருபது பேர் கூடும் அறையிலும் பலர் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். மற்றவர்களுக்குக் குறிப்பை அனுப்பினால் போதும்.

5. கூட்டம் நடக்கும்போது

குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும்; பெரிய அதிகாரி வரவில்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. காத்திருந்தால், நேரத்துக்கு வந்தவர்கள் தண்டிக்கப்படுகிறார்கள். அடுத்த முறை அவர்களும் தாமதமாகவே வருவார்கள்.

முதல் பொருள் எப்போதும் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகளாக இருக்கட்டும். முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டில் ஒன்றே விடை. ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்பதை முடியவில்லை என்றே குறிக்க வேண்டும். முடியாததற்குத் தடை என்ன, அதை நீக்க யார் உதவ வேண்டும் என்பதை அங்கேயே கேட்டால் போதும். குற்றம் சாட்டத் தேவையில்லை.

தலைமை ஏற்பவரின் பொறுப்பு, பேச்சைப் பொருளோடு கட்டிப்போடுவதும் எல்லோருடைய அறிவையும் வெளியே கொண்டுவருவதும். நம் தொழிற்கூடங்களில் ‘சார்’ ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்கு மாறாகப் பேசத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் மரியாதையால் வருவது. அதனால் ஆலைக்கு நேரும் இழப்போ உண்மையானது. எந்திரத்தின் அதிர்வு மாறியிருப்பதை முதலில் உணர்பவர் ஆபரேட்டர்தான். அவர் வாய் திறக்காவிட்டால் கூட்டம் கண்ணைக் கட்டிக்கொண்டு முடிவெடுக்கிறது. ஆகவே, எந்திரத்துக்கு மிக அருகில் இருப்பவர் முதலிலும் தலைமை ஏற்பவர் கடைசியிலும் பேசுவது நல்ல விதி. குழுவின் ஒற்றுமையைக் காக்கும் விருப்பம் எதிர்க்கருத்தை அடக்கிவிடும்போது, அறிவுடையோரும் மோசமான முடிவுகளை எடுப்பதை உளவியலாளர் இர்விங் ஜேனிஸ் 1972-இல் விரிவாக எடுத்துக்காட்டினார்.

புதிய யோசனைகள் தேவைப்படும்போது, முதலில் ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் தனித்தனியே தாளில் எழுதுவது பயன் தரும். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், தனித்தனியே யோசித்தவர்களின் கருத்துகளைத் தொகுத்தபோது, கூடிப் பேசிய குழுக்களுடையதைவிட அதிகமாகவும் மேலாகவும் இருந்தன. உளவியலாளர்கள் டீலும் ஸ்ட்ரோபேயும் 1987-இல் இதன் முதன்மையான காரணத்தைக் கண்டனர்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் யோசனை நின்றுபோகிறது.

மொழியையும் கவனிக்க வேண்டும். அறிக்கைகள் ஆங்கிலத்திலும், பேச்சு தமிழிலும், தொழிலாளர் சிலருடைய தாய்மொழி ஒடியாவாகவோ ஹிந்தியாகவோ இருக்கும் தொழிற்கூடங்கள் இன்று பல. ஆபரேட்டர் பங்குபெறும் கூட்டம் அவருக்கு விளங்கும் மொழியில் நடக்க வேண்டும். எல்லா மொழியினருக்கும் விளங்குவது பொருளே: குறையுள்ள புஷ்ஷையும் நல்ல புஷ்ஷையும் பலகையருகே அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் பாதி விளக்கம் முடிந்துவிடும்.

6. முடிவும் குறிப்பும்

நடவடிக்கைக் குறிப்பில் பேசியதையெல்லாம் எழுத வேண்டியதில்லை. எடுத்த முடிவு, அதற்கான காரணம், செய்ய வேண்டிய வேலை, பொறுப்பாளர், நாள் ஆகியவை போதும். ‘தரத்தில் அனைவரும் கவனம் செலுத்த வேண்டும்’ என்ற வரி எந்தக் கூட்டத்தின் குறிப்பிலும் இருக்கலாம். யாரையும் எதையும் செய்ய வைக்காது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். இரண்டாம் ஷிஃப்டில் 40 புஷ்கள் உள்விட்டம் கூடி ரிஜெக்ட் ஆயின. காலைக் கூட்டத்தில், வெட்டும் முனையான இன்சர்ட்டை மாற்றிய பிறகு எந்திரத்தின் ஆஃப்செட் அளவு சரிசெய்யப்படவில்லை என்று தெரிந்தது. ஏன் என்று மேலும் கேட்டபோது, இன்சர்ட் மாற்றியவுடன் அளந்து பார்க்கும் வழக்கம் அந்த ஷிஃப்டில் இல்லை என்றும், உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் ஆய்வறையில் பூட்டியிருந்தது என்றும் வெளிவந்தது. அப்போது குறிப்பு இப்படி அமையலாம்: ‘இன்சர்ட் மாற்றியதும் முதல் 5 புஷ்களை அளந்து ஏட்டில் எழுத வேண்டும். பொறுப்பு: ஷிஃப்ட் சூப்பர்வைசர், இன்று முதல். போர் கேஜ் ஒன்றை எந்திரத்தருகே வைக்க வேண்டும். பொறுப்பு: தரப் பிரிவு, இன்று மாலை 4 மணிக்குள். வெள்ளிக்கிழமைக் காலைக் கூட்டத்தில் ஏட்டைக் கொண்டுவந்து சரிபார்க்க வேண்டும்.’ ஐந்து சிறு வாக்கியங்கள். ஆபரேட்டரின் மேல் பழி விழவில்லை. குறை மீண்டும் வரும் வழி அடைபடுகிறது.

ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். ‘உற்பத்தியும் தரமும் சேர்ந்து’ என்று எழுதினால் இரு துறைகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்திருக்கும். பொறுப்பேற்றவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற நெறி இம்மண்ணுக்குப் பழையது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவராக்கியது. இன்றைய ஆலையில் அந்தக் கடுமை வேண்டாம். கணக்குக் கேட்கும் வழக்கம் வேண்டும்.

குறிப்பு அன்றே எல்லோர் கைக்கும் போக வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டங்களுக்குச் சட்டம் 30 நாள் தருகிறது. உற்பத்திக் கூட்டத்துக்கு 30 நாள் என்பது வாடிக்கையாளரை இழக்கும் கால அளவு.

7. தொலைவிலிருந்து கூடுவோர்

மென்பொருள் அலுவலகங்களில் பரவியுள்ள ஸ்க்ரம் முறையில் அன்றாடக் கூட்டத்துக்கு 15 நிமிடமே எல்லை. ஜெஃப் சதர்லாந்தும் கென் ஷ்வேபரும் எழுதிய அதன் கையேடு, குழுவினர் தம் இலக்கை நோக்கி நகர்கிறார்களா என்று பார்ப்பதையே கூட்டத்தின் நோக்கமாக வைக்கிறது. அதை மேலாளருக்கு ஒவ்வொருவரும் வேலைக் கணக்குக் கொடுக்கும் நேரமாக மாற்றிவிட்டால் நோக்கம் அடிபட்டுப்போகும்.

வெளிநாட்டுக் குழுவோடு கூடும்போது கடிகாரமும் ஒரு பங்கேற்பாளர். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது அங்கே கோடையில் இங்கு மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. ஒரு மணி நேரம் நீளும் கூட்டம், அம்பத்தூரிலிருந்து திருவள்ளூருக்கோ தாம்பரத்துக்கோ திரும்ப வேண்டியவரின் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறது. பெண் ஊழியருக்கு இது பயணப் பாதுகாப்புச் சிக்கலும் ஆகிறது. அகால நேரத்தின் சுமையை இரு நாட்டினரும் முறைவைத்துப் பகிர்வதும், எழுத்தில் முடியக்கூடியதை எழுத்திலேயே முடிப்பதும் நியாயம்.

8. சிறு தொழிற்கூடத்தில்

பதினைந்து, இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் உரிமையாளரே கொள்முதலும் விற்பனையும் வங்கியும் பார்க்கிறார். அங்கே ‘தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோம், தனியாகக் கூட்டம் எதற்கு?’ என்ற எண்ணம் இயல்பு. நாள் முழுவதும் துண்டுதுண்டாகச் சொல்லப்படும் சொல் ஒருவருக்கு எட்டி இன்னொருவருக்கு எட்டாமல் போவதே அங்குள்ள குறை. வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம், ஒரு வெள்ளைப் பலகை, மூன்று கேள்விகள் போதும்: இன்று எது டிஸ்பாட்ச் ஆக வேண்டும், அதற்குத் தடை என்ன, தடையை யார் எத்தனை மணிக்குள் நீக்குவார்? உரிமையாளர் வெளியூரில் இருந்தாலும் சூப்பர்வைசர் இதை நடத்த வேண்டும். அவர் இல்லாத நாளிலும் கூட்டம் நடந்தால்தான் அது நிறுவனத்தின் வழக்கமாகிவிட்டது என்று சொல்லலாம்.

9. கூட்டத்தை அளத்தல்

அளக்கப்படாத செய்முறை மேம்படுவதில்லை. கூட்டத்துக்கு நான்கு அளவுகள் போதும்: குறித்த நேரத்தில் தொடங்கியவை எத்தனை, நிரலில் இருந்த கேள்விகளில் முடிவு கிடைத்தவை எத்தனை, ஏற்ற வேலைகளில் குறித்த நாளுக்குள் முடிந்தவை எத்தனை, மொத்தம் செலவான மனித மணி எவ்வளவு. மூன்றாவது அளவே முதன்மையானது. அது குறைந்துகொண்டே போனால், ஏற்கும் வேலைகளின் எண்ணிக்கை ஆட்களின் கைக்கு மீறியதாக இருக்கலாம். அல்லது பொறுப்புத் தரப்பட்டவருக்கு அதற்கான அதிகாரம் தரப்படாதிருக்கலாம். இரண்டையும் சரிசெய்ய வேண்டியது மேலாண்மை.

மாதம் ஒரு முறை, வழக்கமாக நடக்கும் கூட்டங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் சென்ற மாதம் என்ன முடிவைத் தந்தது என்று கேட்க வேண்டும். தராதவற்றை நிறுத்தலாம், இணைக்கலாம், இடைவெளியை நீட்டலாம். நிறுத்திய கூட்டம் உண்மையில் தேவையானது என்றால், அடுத்த சில வாரங்களில் வேலையே அதைக் காட்டிக்கொடுக்கும். அப்போது திரும்பத் தொடங்கலாம். இவ்வாறு மிச்சமாகும் நேரம் எந்திரத்துக்கும் வாடிக்கையாளருக்கும் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டிய நேரம். அதை உரியவரிடம் சேர்ப்பது கூட்டம் நடத்துவோரின் கடமை.